கல்லாப் பணத்தை எப்படி எண்ணுவது? 'தொகையிட முடியாது' என்ற பதிலுக்குப் பின்னால் மூன்று கணக்கு

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் கடை அடைக்கும் நேரத்தில் கல்லாவைத் திறப்பவர் யாரும் நோட்டுகளைக் கையில் வந்த வரிசையிலேயே எண்ணிக்கொண்டிருப்பதில்லை. 100 ரிங்கிட் ஒரு பக்கம், 50 ரிங்கிட் ஒரு பக்கம், பிறகு 20, 10, 5, 1 என்று தனித்தனியாக அடுக்குவார்கள். சில்லறையை வேறாகக் கொட்டுவார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை இருக்கிறது என்று பார்த்து, மதிப்பால் பெருக்கி, கடைசியில் கூட்டுவார்கள். ஜவுளிக்கடை, நாணய மாற்றுக் கடை, உணவகம் எல்லாவற்றிலும் வழக்கம் ஏறக்குறைய இதுதான்.

இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்றை அதன் ஆசிரியர் விளக்கியதும் இதே கல்லாவை வைத்துத்தான். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஹென்றி லெபேக் 1926ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் ஆற்றிய உரையில் இரண்டு வியாபாரிகளைக் காட்டினார். ஒருவர் காசும் நோட்டும் கைக்கு வந்தபடியே கூட்டிக்கொண்டு போகிறார். இன்னொருவர் வகை பிரித்து எண்ணுகிறார். முதலாமவர் செய்வது பழைய ரீமன் முறை; இரண்டாமவர் செய்வது தன் முறை என்றார் லெபேக்.

கல்லாவில் இருவருக்கும் ஒரே தொகைதான் வரும். அப்படியானால் வேறுபாடு எதற்கு? கல்லாவில் இருப்பது எண்ணி முடிக்கக்கூடிய நோட்டுகள். கணிதத்தில் தொகையிட வேண்டியவை முடிவில்லாத புள்ளிகளில் பரவிக் கிடப்பவை. அங்கே எண்ணும் முறை மாறினால், தொகை உண்டா இல்லையா என்பதே மாறிவிடுகிறது.

நம் மாணவர்கள் இந்த இடத்துக்கு மிக அருகில் வந்து திரும்பிவிடுகிறார்கள். ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதப் பாடநூலில் 'பெங்கமிரான்' என்ற பெயரில் தொகையிடல் மூன்றாவது அத்தியாயமாக வருகிறது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் படித்த பிள்ளைகள் இந்தப் பாடத்தை மலாயில் சந்திக்கிறார்கள். சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறார்கள். சூத்திரம் கிடைக்காத கணக்கு வந்தால் 'இதைத் தொகையிட முடியாது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்தப் பதில் தவறு. சில நேரங்களில் பாதி சரி.

தவறான பகுதியை முதலில் பார்த்துவிடலாம். அதே பாடநூலின் ஐந்தாவது அத்தியாயமான நிகழ்தகவில் மணி வடிவ வளைகோடு ஒன்று வருகிறது. அதன் கீழுள்ள பரப்பைக் கண்டுபிடிக்க மாணவர்கள் அட்டவணையைப் புரட்டுகிறார்கள். அட்டவணை எதற்கு? அந்தச் சார்பின் தொகையைப் பள்ளியில் படிக்கும் சார்புகளைக் கொண்டு ஒரு சூத்திரமாக எழுதிவிட முடியாது என்பதால்தான். சூத்திரம் இல்லை, ஆனால் பரப்பு இருக்கிறது, துல்லியமாகவே இருக்கிறது. சூத்திரம் எழுத முடியாததும் தொகையிட முடியாததும் வேறு வேறு. தனிப்பயிற்சி வகுப்புகளில் இவ்வளவு மட்டும் அழுத்திச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அப்படியானால் உண்மையிலேயே 'தொகையிட முடியாது' என்பது எப்போது?

மஸ்ஜித் ஜமேக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வினாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது என்பது நேரத்துக்கு நேரம் மாறும். மாலையில் மழை கொட்டினால் சட்டென்று ஏறும். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரிய வேண்டுமானால் நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக நறுக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் மிக அதிகமான ஓட்டத்தை வைத்து ஒரு கூட்டல், மிகக் குறைந்த ஓட்டத்தை வைத்து இன்னொரு கூட்டல். உண்மைத் தொகை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். துண்டுகளை ஐந்து நிமிடம், ஒரு நிமிடம், ஒரு வினாடி என்று குறுக்கிக்கொண்டே போனால், மேல் கூட்டலும் கீழ்க் கூட்டலும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். இடைவெளியை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்க முடிந்தால், அந்தச் சார்பு ரீமன் முறையில் தொகையிடத்தக்கது. ஜெர்மானியரான பெர்னார்ட் ரீமன் 1854இல் எழுதிய ஆய்வேட்டில் தந்த வரையறை இதற்குச் சமமானதுதான். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1868இல்தான் அது அச்சானது. மேல் கூட்டல், கீழ்க் கூட்டல் என்ற இந்த வடிவம் 1875இல் தார்பூ என்ற பிரெஞ்சுக்காரர் தந்தது.

ஆறு எவ்வளவு முரட்டுத்தனமாக ஏறி இறங்கினாலும் இந்த முறைக்குக் கட்டுப்படும். கட்டுப்படாத ஒன்றை டிரிக்லே என்ற கணித அறிஞர் 1829இலேயே கற்பனை செய்துவிட்டார். 0க்கும் 1க்கும் இடையே உள்ள எண்களில், பின்னமாக எழுத முடிந்த விகிதமுறு எண்களில் எல்லாம் சார்பின் மதிப்பு 1. பின்னமாக எழுத முடியாத விகிதமுறா எண்களில் மதிப்பு 0. எவ்வளவு சிறிய துண்டை வெட்டினாலும் அதில் இரண்டு வகை எண்களும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் உச்சம் 1, அடி 0. மேல் கூட்டல் எப்போதும் 1. கீழ்க் கூட்டல் எப்போதும் 0. கத்தியை எவ்வளவு தீட்டினாலும் இடைவெளி குறையாது. ரீமன் முறையில் இதற்குத் தொகை கிடையாது.

இதைப் பார்த்துவிட்டு, துள்ளல் அதிகமாக இருந்தால் தொகையிட முடியாது என்று நினைக்கத் தோன்றும். அதுவும் சரியல்ல. 1875இல் தோமே என்பவர் காட்டிய சார்பு ஒன்று உண்டு. அதில் ½ என்ற இடத்தில் மதிப்பு ½. ⅓, ⅔ ஆகிய இடங்களில் ⅓. ¼, ¾ ஆகிய இடங்களில் ¼. பின்னத்தின் கீழெண் பெரிதாகப் பெரிதாக மதிப்பு சிறுத்துப் போகிறது. விகிதமுறா எண்களில் 0. இதுவும் எல்லா விகிதமுறு எண்ணிலும் தொடர்ச்சி அறுந்து துள்ளுகிறது. ஆனாலும் ரீமன் முறையில் இதைத் தொகையிடலாம், விடை 0.

இரண்டிலும் முடிவில்லாத துள்ளல்கள். ஒன்று கட்டுப்படுகிறது, மற்றொன்று கட்டுப்படவில்லை. எல்லைக் கோட்டைத் துல்லியமாகக் கிழித்தவர் லெபேக். அவர் சொன்னதை ஒரு மீட்டர் துணியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். துணியின் நீளத்தில் எல்லா விகிதமுறு புள்ளிகளையும் ஒட்டுத்துணியால் மறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகள் எண்ணற்றவை, ஆனாலும் ½, ⅓, ⅔, ¼, ¾ என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்த முடியும். முதல் புள்ளிக்கு 5 சென்டிமீட்டர் ஒட்டு, இரண்டாவதற்கு அதில் பாதி, மூன்றாவதற்கு அதிலும் பாதி என்று போட்டுக்கொண்டே போனால், எல்லா ஒட்டுகளின் மொத்த நீளம் 10 சென்டிமீட்டரைத் தாண்டாது. 5 மில்லிமீட்டரில் தொடங்கினால் மொத்தம் ஒரு சென்டிமீட்டர். எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். எண்ணிக்கையில் முடிவில்லாதவை, நீளத்தில் சுழியம்.

தொடர்ச்சி அறுந்த புள்ளிகளை இப்படி எவ்வளவு சிறிய ஒட்டுக்குள்ளும் அடக்க முடிந்தால், எல்லைக்குள் அடங்கிய சார்பு ரீமன் முறையில் தொகையிடத்தக்கது, முடியாவிட்டால் இல்லை. தோமே சார்பு துள்ளுவது விகிதமுறு புள்ளிகளில் மட்டும், ஆகவே தேறுகிறது. டிரிக்லே சார்பு கோட்டின் எல்லாப் புள்ளிகளிலும் தொடர்ச்சி அறுந்தது. விகிதமுறா எண்ணில் நின்றாலும் பக்கத்திலேயே 1 என்ற மதிப்பு காத்திருக்கிறது. அதை மறைக்க முழு மீட்டரும் வேண்டும். அதனால் தோற்கிறது.

லெபேக் அப்போது நான்சி நகரத்தில் பள்ளி ஆசிரியர். 1902இல் சமர்ப்பித்த ஆய்வேட்டில் அவர் கத்தியைத் திருப்பிப் பிடித்தார். நேரத்தை நறுக்காமல் மதிப்பை நறுக்கினார். ஆற்றுக் கணக்கில் சொன்னால், ஓட்டம் 20க்கும் 21 கன மீட்டருக்கும் இடையில் இருந்தது மொத்தம் எத்தனை நிமிடம், 21க்கும் 22க்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று கேட்பது. அந்த நிமிடங்கள் காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தாலும் கவலை இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சங்க அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் செய்ததே இதுதான். 4 முதல் 8 அடி வரை உள்ளவை குறுந்தொகை, 9 முதல் 12 அடி வரை நற்றிணை, 13 முதல் 31 அடி வரை அகநானூறு. யார் பாடியது, எங்கே பாடியது என்று பாராமல் அளவை வைத்து அடுக்கினார்கள். ஓரிரு பாடல்களே விதிவிலக்கு. ஐங்குறுநூற்றை மட்டும் திணைக்கு ஒரு நூறு என்று வேறு விதமாக அடுக்கினார்கள். அகப்பாடல்களில் மொத்தம் எத்தனை அடிகள் என்று கேட்டால், ஏடு ஏடாகப் புரட்டிக் கூட்டுவது ரீமன் வழி. 4 அடிப் பாட்டு எத்தனை, 5 அடிப் பாட்டு எத்தனை என்று கேட்பது லெபேக் வழி. 'தொகை' என்ற நம் சொல்லுக்குக் கூட்டல், தொகுப்பு என்று இரு பொருளும் இருப்பது இந்த இடத்தில் எவ்வளவு பொருத்தம்.

இந்த வழியில் டிரிக்லே சார்பு ஒரு வரியில் முடிந்துவிடும். மதிப்பு 1 இருக்கும் இடங்களின் மொத்த நீளம் 0. மதிப்பு 0 இருக்கும் இடங்களின் மொத்த நீளம் 1. தொகை: 1 × 0 + 0 × 1 = 0. தொகை இல்லை என்று ரீமன் கைவிட்ட சார்புக்கு லெபேக் முறையில் தொகை உண்டு.

இது வெறும் புதிர் விளையாட்டாக நின்றிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். முக்கியமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே வரிசைப்படுத்திய விகிதமுறு எண்களில் முதல் ஒன்றில் மட்டும் மதிப்பு 1 வைத்து ஒரு சார்பு, முதல் இரண்டில் 1 வைத்து அடுத்த சார்பு, முதல் மூன்றில், முதல் நான்கில் என்று போவோம். ஒவ்வொரு சார்பையும் ரீமன் முறையில் தொகையிடலாம். ஒவ்வொன்றின் தொகையும் 0. ஆனால் இந்த வரிசை போய்ச் சேரும் இடம் டிரிக்லே சார்பு; அங்கே ரீமன் முறை உடைந்துவிடுகிறது. படிப்படியாக நெருங்கி விடை காண்பதே தொழிலாகக் கொண்ட கணிதத்தில், கடைசிப் படியில் தரை இல்லாமல் போவது பெரிய ஆபத்து. எல்லாச் சார்புகளையும் ஒரே தொகையிடத்தக்க சார்பின் வரம்புக்குள் வைத்திருந்தால், லெபேக் முறையில் அந்தத் தரை உறுதியாக இருக்கும்.

அதனால்தான் 1933இல் ரஷ்யாவின் கோல்மோகொரோவ் நிகழ்தகவுக் கோட்பாட்டை முழுவதும் லெபேக் அமைத்த அளவைக் கோட்பாட்டின் மேல் எழுப்பினார். அந்தக் கட்டடத்தில் தமிழ் மண்ணின் பங்கு சிறியதல்ல. 1937இல் இந்தியா வந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் சார்லஸ் ரசீன், திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பிறகு சென்னை லயோலா கல்லூரியிலும் அன்றைய பிரான்சின் புதிய கணிதத்தை மாணவர்களிடம் கொண்டுவந்தார். சென்னையில் பிறந்த கே.ஆர். பார்த்தசாரதி நிகழ்தகவையும் அளவைக் கோட்பாட்டையும் இணைத்து எழுதிய பாடநூல் 1977இல் வெளியானது. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், நிகழ்தகவு ஆய்வுக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். மிக அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளின் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் அவருடைய கோட்பாடு லெபேக் முறை இல்லாமல் எழுதப்பட்டிருக்க முடியாது.

இவ்வளவு வலிமையான முறைக்கும் ஒரு விலை உண்டு. வகை பிரிக்கும் வியாபாரிக்குப் பணம் வந்த வரிசை மறந்துபோகிறது. பெரும்பாலும் அது நல்லது. சில கணக்குகளுக்கு வரிசைதான் உயிர்.

ஒரு கணக்குப் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் வரவு 1 ரிங்கிட். இரண்டாம் நாள் செலவு ½ ரிங்கிட். மூன்றாம் நாள் வரவு ⅓, நான்காம் நாள் செலவு ¼. இப்படியே முடிவில்லாமல். இருப்பு 1 ரிங்கிட், 50 சென், 83 சென், 58 சென், 78 சென் என்று ஊசலாடி, மெல்ல மெல்ல 69.3 சென்னில் போய் நிற்கும். 2008 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள முழுமையாக்க விதிப்படி கடையில் அதை 70 சென் என்பார்கள். ஆனால் லெபேக் வழியில் வரவை மட்டும் தனியாகக் கூட்டுங்கள்: 1 + ⅓ + ⅕ என்று போகும் அந்தத் தொகைக்கு முடிவே இல்லை. செலவு மட்டும் கூட்டினாலும் முடிவிலி. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் என்ன மிஞ்சும்? எதுவும் சொல்ல முடியாது. ஆகவே இந்தப் புத்தகம் லெபேக் முறையில் தொகையிடத்தக்கதல்ல.

லெபேக்கின் கறார் பிழையும் அல்ல. இதே வரவு செலவை, ஒரு வரவுக்கு இரண்டு செலவு என்று வரிசையை மட்டும் மாற்றி எழுதினால், ஒரு பதிவுகூட விடுபடாமலே இருப்பு சரி பாதியாக, 34.7 சென்னாகக் குறைந்துவிடும். வரிசையை நம்பி நிற்கும் தொகையை வரிசை பாராத முறை ஏற்க மறுக்கிறது.

இதைவிடக் கூர்மையான குறை ஒன்று இருந்தது. வேகத்தைத் தொகையிட்டால் கடந்த தூரம் கிடைக்க வேண்டும் என்பது தொகையிடலின் அடிப்படைத் தேற்றம். 1881இல் பீசாவில் 21 வயது மாணவராக இருந்த வீட்டோ வோல்டெரா, எல்லைக்குள் அடங்கிய வேகம் இருந்தும் ரீமன் முறையால் தூரத்தை மீட்க முடியாத சார்பு ஒன்றைக் கட்டிக் காட்டினார். லெபேக் அந்த ஓட்டையை அடைத்தார். ஆனால் வேகமே எல்லை மீறி ஊசலாடினால் லெபேக் முறையும் சில இடங்களில் தோற்கிறது. ஒவ்வொரு கணத்திலும் வேகம் தெரிந்திருந்தும் தூரத்தைத் திரும்பப் பெற முடியவில்லை என்பது சங்கடமான நிலை. தான்ஜுவா 1912இலும் பெரோன் 1914இலும் இதைத் தீர்த்தார்கள். அவர்களுடைய வழிகள் கடினமானவை.

எளிய வழி ரீமனிடமே ஒளிந்திருந்தது. செக் நாட்டின் யாரோஸ்லாவ் குர்ஸ்வைல் 1957இலும், பிரிட்டனின் ரால்ஃப் ஹென்ஸ்டாக் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாகவும் அதைக் கண்டார்கள். ரீமன் துணியை எல்லா இடத்திலும் ஒரே அகல வரம்பில் வெட்டச் சொன்னார். நல்ல தையல்காரர் அப்படி வெட்டுவாரா? முதுகுப் பக்கம் தாராளமாகக் கத்திரிப்பார். கழுத்து வளைவில் நுணுக்கி நுணுக்கி வெட்டுவார். ஹென்ஸ்டாக்–குர்ஸ்வைல் முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தனி அகல வரம்பு. ஒரு புள்ளியின் மதிப்பை வைத்து ஒரு துண்டைக் கணக்கிட்டால், அந்தத் துண்டு அந்தப் புள்ளியின் வரம்பைத் தாண்டக்கூடாது. மாற்றம் அவ்வளவுதான். டிரிக்லே சார்பில் விகிதமுறு புள்ளிகளுக்கு முன்பு சொன்ன ஒட்டுத்துணி அளவே வரம்பு. அப்போது அவற்றின் பங்கு எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கிவிடும். விடை மறுபடியும் 0. வேகத்திலிருந்து தூரத்தை மீட்கும் தேற்றம் எந்த நிபந்தனையும் இல்லாமல் செல்லுபடியாகிறது. 69.3 சென் கணக்குப் புத்தகமும் தேறுகிறது.

லெபேக் முறையை இது தள்ளிவிடவில்லை. ஒரு சார்பும், அதன் குறைக்குறிகளை எல்லாம் நீக்கிய வடிவமும் ஆக இரண்டும் இந்தப் புதிய முறையில் தொகையிடத்தக்கவை என்றால், அது லெபேக் முறையிலும் தொகையிடத்தக்கது. வியாபாரப் பேச்சில், மொத்த வரவுக்கும் மொத்தச் செலவுக்கும் தனித்தனியாக முடிவு சொல்ல முடிந்தவர் மட்டுமே லெபேக்கின் வாசலுக்குள் போகலாம்.

இந்த மூன்றாவது முறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு வலுவான பள்ளி உருவானது. ஹென்ஸ்டாக்கிடம் ஆய்வு செய்த சிங்கப்பூர்ப் பேராசிரியர் லீ பெங் யீ எழுதிய, சீனாவின் லான்சோ நகர விரிவுரைகளை ஒட்டிய நூல் 1989இல் வெளிவந்து, இத்துறையில் நுழைபவர்களுக்கு வழிகாட்டியானது. 1997இல் ஹென்ஸ்டாக், குர்ஸ்வைல் உள்ளிட்ட சிலர், கல்லூரிப் பாடநூல்களில் ரீமன் முறைக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாமே என்று நூலாசிரியர்களுக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பாடநூல்கள் பெரிதாக மாறவில்லை. அதற்கு நியாயமும் உண்டு. லெபேக் முறை அடுத்தடுத்த படிகளுக்குத் தரும் உறுதியான தரை இந்த முறையில் அதே அழகோடு கிடைப்பதில்லை. பல பரிமாணங்களுக்குப் போனாலும் சிக்கல் கூடுகிறது. பொறியியல் மாணவருக்கு ரீமனே போதும். நிகழ்தகவு படிப்பவருக்கு லெபேக் இல்லாமல் நகர முடியாது.

ஆக, 'இந்தச் சார்பு தொகையிடத்தக்கதா?' என்ற கேள்வி தனியாக நிற்கும்போது முழுமையானதல்ல. எந்த முறையில், எந்த இடைவெளியில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 0க்கும் 1க்கும் இடையே 1/√x என்ற சார்பு 0ஐ நெருங்கும்போது எல்லையில்லாமல் உயர்கிறது. ரீமனின் நேரடி வரையறை அதை ஏற்காது. லெபேக்கும் ஹென்ஸ்டாக்–குர்ஸ்வைலும் 2 என்று விடை தருகிறார்கள். வர்க்கமூலத்தை எடுத்துவிட்டு, அதே இடைவெளியில் 1/x என்று எழுதினால் மூன்று முறைகளும் கையை விரித்துவிடும். அந்த விடைத்தாளில் மாணவர் 'தொகையிட முடியாது' என்று தயங்காமல் எழுதலாம்.